நூற்று நாற்பத்தேழாம் பாட்டு

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேட்கும். போதகரின் மகள் மட்டும் வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுவாள். அதுவும் சமையலறையில்.

அப்பா அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே நின்று பேசிப் பார்ப்பார். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். மகள் நாற்காலியில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பாள். பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் அவள் கையைத் தூக்க வேண்டும். அப்பா பெரும்பாலும் தாண்டிவிடுவார். அவளுக்குக் கை வலிக்கும்.

இதனாலேயே அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர் வந்துவிட்டது. பத்து வயதுப் பெண்ணுக்கு இது ஒரு பெயரா என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

நேரம் மட்டும் இல்லை, எண்களும் அவளுக்கு அத்துப்படி. ஒருமுறை பார்த்தால் போதும், மறக்காது. அப்படித்தான் அவள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தேவாலயத்தின் முன்சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. அன்று பாட வேண்டிய மூன்று பாட்டுகளின் எண்கள் அதில் இருக்கும். எண் எழுதிய சின்ன அட்டைகளைப் பள்ளத்தில் தள்ளி நிறுத்த வேண்டும். பலகையைச் செய்தவர் தச்சர் மாமா. அட்டைகளைப் போடுகிறவன் அவருடைய மகன். அவன் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து ஆணிகள் கிடக்கும். அதனால் அவன் பெயர் ஆணி.

ஆணிக்குப் பாட்டு வராது. வராது என்றால் சுத்தமாக வராது. அவன் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் ராகம் தவறிவிடும். பாடகர் குழுவில் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் இசை டீச்சர் அவனைக் கூப்பிட்டு, “நீ பலகையைப் பார்த்துக்கோப்பா, அது இல்லாம யாராலயும் பாட முடியாது” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பலகை அவனுக்கு உயிர்.

சனிக்கிழமை மாலை அப்பா பாட்டு எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். கடிகாரம் அதைக் கொண்டுபோய் வாசிப்பாள். ஆணி அட்டைகளைப் போடுவான். ஒரு வருடமாக இப்படித்தான் நடந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பாதி வழியில் அவளுக்குச் சீட்டு நினைவு வந்தது. அது வீட்டிலேயே, நோட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. மழை வேறு தூறியது. திரும்பிப் போவானேன்? எல்லாம்தான் மனப்பாடமாயிற்றே.

“நூற்றெழுபத்துநாலு, அறுபத்திரண்டு, இருநூறு” என்று அவள் கடகடவென்று ஒப்பித்தாள். ஆணி போட்டான்.

மறுநாள் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். அப்பாவிடம் முன்பே எண்ணைக் கேட்டு வைத்திருந்த இசை டீச்சர், குழந்தைகளுக்கான துள்ளலான ராகத்தை வாசித்தார். ஜனங்கள் பலகையைப் பார்த்து நூற்றெழுபத்துநாலைத் திறந்தார்கள். கெட்ட நேரம், வார்த்தைகள் அந்த ராகத்துக்கு அச்சாகப் பொருந்தின. இரண்டு சரணம் பாடிய பிறகுதான், தாங்கள் பாடுவது அடக்கத்துக்கான பாட்டு என்று பலருக்குப் புரிந்தது.

குழந்தையின் பெரியம்மா அழுதுவிட்டார். “பச்சைக் குழந்தையை மடியில வச்சுக்கிட்டு சாவுப் பாட்டா பாடுவீங்க?” என்று கேட்டார். அப்பாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் அப்பா எல்லார் முன்னாலும் ஆணியைக் கூப்பிட்டார்.

“நான் எழுதினது நூற்று நாற்பத்தேழு. நீ நூற்றெழுபத்துநாலுன்னு போட்டிருக்கே. கவனம் எங்கப்பா போச்சு?”

ஆணி பலகையைப் பார்த்தான். யோசித்தான். “தெரியலைங்க ஐயா. மாத்திப் போட்டுட்டேன் போல” என்றான்.

“கொஞ்ச நாளைக்கு வேற யாராவது போடட்டும்” என்றார் அப்பா.

கடிகாரம் அங்கேதான் நின்றாள். அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அது திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். சீட்டில் அப்பாவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 147.

அடுத்த வாரம் பலகை வேலையை அப்பா இசை டீச்சரிடம் கொடுத்தார். அவருக்கு முழங்கால் வலி, ஸ்டூலில் ஏற முடியவில்லை. அதனால் இந்த வாரம், “நீயே போட்டுடும்மா” என்று அப்பா மகளிடமே சொன்னார். கடிகாரத்துக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே நின்றார்.

“காணிக்கையைக் கொடுக்க வந்து நிக்கறோம். அப்பதான் ஞாபகம் வருது, ஒருத்தருக்கு நம்ம மேல மனக்குறை இருக்குன்னு. இயேசு என்ன சொல்றார்? காணிக்கையை அங்கேயே வச்சிடு. முதல்ல போய் அவரோட ஒப்புரவாகு. அப்புறம் வந்து கொடு. நமக்கு அவர் மேல இருக்கிற குறையை இங்கே சொல்லலை, கவனிங்க. அவருக்கு நம்ம மேல இருக்கிற குறை...”

கடிகாரம் கவனித்தாள். எவ்வளவு கவனித்தாள் என்றால், கைக்கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துவிட்டாள்.

“எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றார் அப்பா.

“பன்னிரண்டு நிமிஷம்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“உங்கப்பாவா? பன்னிரண்டு நிமிஷத்துலயா?” என்று அம்மா சிரித்தார். “நான் ரெண்டு கிலோ பீன்ஸ் நறுக்கி முடிச்சிட்டேன்.”

கடிகாரம் சிரிக்கவில்லை. “அப்பா, காணிக்கையை அப்படியே வச்சிட்டுப் போகணுமா? ஆராதனை நடுவுலயேவா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படி அச்சு அசலா எடுத்துக்கணும்னு இல்லம்மா. முன்னாடியே சமாதானமாயிடணும்னு அர்த்தம்.”

“அப்படின்னா இயேசு அப்படியே சொல்லியிருக்கலாமே” என்றார் அம்மா, பீன்ஸை வாணலியில் போட்டபடி. அப்பா குறிப்புத் தாளில் எதையோ அடித்துத் திருத்தினார்.

சனிக்கிழமை காலை, எப்படியும் சொல்லிவிடுவது என்று அவள் தச்சுப் பட்டறைக்குப் போனாள். தச்சர் மாமா இழைப்புளியால் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். மரச்சுருள் தரையெல்லாம் கிடந்தது. மூலையில் ஆணி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு துண்டுப் பலகையும் எண் அட்டைகள் இருந்த பெட்டியும் இருந்தன. ஒரு அட்டையை எடுப்பான், தள்ளுவான், பார்ப்பான், எடுத்துவிடுவான்.

“ரெண்டு வாரமா இதே வேலைதான்மா” என்றார் தச்சர் மாமா. “எண் போட்டுப் பழகறானாம். ராத்திரி தூக்கத்துல கூட ஒண்ணு, நாலு, ஏழுன்னு சொல்றான்.”

கடிகாரம் தரையில் கிடந்த மரச்சுருளைக் காலால் தள்ளினாள்.

ஆணி அவளைப் பார்த்ததும் எழுந்தான். “பெட்டியை வாங்க வந்தியா? இந்தா. ஏழு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், மெதுவாத் தள்ளு. ரெண்டுக்கு ஒரு மூலை உடைஞ்சிருக்கு, அதைக் கீழ்ப்பக்கமா வை.”

“ஆணி...”

“எப்படி மாத்திப் போட்டேன்னு எனக்கே தெரியலை” என்றான் அவன். “எனக்கு எண் சரியா வரலைன்னா அப்புறம் வேற என்னதான் வரும்?”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவள் பதில் சொல்லியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பலகையில் எண்கள் இருந்தன. அவள் சீட்டை மூன்று தடவை பார்த்துத்தான் போட்டிருந்தாள். ஆனால் பலகையின் கடைசி வரிசையில் ஏழு சரியாக உட்காராமல் சாய்ந்து நின்றது. பின்னாலிருந்து இரண்டாவது பெஞ்சில், தச்சர் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆணி, ஆராதனை முழுக்க அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா பிரசங்கம் செய்தார். இருபத்திரண்டு நிமிடம். பிறகு காணிக்கை.

அந்த மாதம் சிறுவர்களின் காணிக்கை சோப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் உள்ள நோயாளிகளுக்காக ஆளுக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். நாற்பத்தாறு சோப்புகள் ஒரு கூடையில் இருந்தன. அதைப் பீடத்துக்குத் தூக்கிப் போக வேண்டியவள் கடிகாரம்.

வாசலில் இருந்து அவள் நடந்தாள். இருபுறமும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். இசை டீச்சர் மெதுவாக வாசித்தார். கூடை கனத்தது. பாதி தூரம் போனதும் அவளுடைய கால்கள் நின்றன.

கூடையை நடைபாதையின் நட்டநடுவே வைத்தாள். திரும்பினாள்.

பின்னால் காணிக்கைப் பையோடு வந்த தபால்காரர் கூடையில் இடித்துக்கொள்ளப் பார்த்தார். நல்லவேளை, தினமும் நாய்களைத் தாண்டிப் பழகிய கால்கள். ஒரே எட்டில் தாண்டிவிட்டார். இரண்டு சோப்புகள் மட்டும் உருண்டு ஓடின.

“என்னாச்சு இந்தப் பொண்ணுக்கு?” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். டீச்சரின் விரல்கள் நின்றுவிட்டன. அதனால் ஆணியின் முன்னால் போய் நின்று அவள் மெதுவாகச் சொன்னதும் எல்லார் காதிலும் விழுந்தது.

“ஆணி, தப்பு உன்னோடது இல்லை. என்னோடது. நான் அன்னைக்குச் சீட்டை எடுத்துட்டு வரலை. மனசுல இருந்ததைச் சொன்னேன். தப்பாச் சொன்னேன். நீ நான் சொன்னதைத்தான் போட்டே.”

நோட்டிலிருந்து எடுத்து வந்திருந்த சீட்டை அவனிடம் நீட்டினாள். ஆணி அதை வாங்கிப் படித்தான். ஒன்று, நாலு, ஏழு.

“அப்போ நான் மாத்திப் போடலையா?”

“இல்லை.”

“என் தலை நல்லாத்தான் இருக்கா?”

“நல்லா இருக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும். பயந்துக்கிட்டு சொல்லலை. என்னை மன்னிச்சிடு.”

ஆணி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு அப்பாவின் எல்லாப் பிரசங்கத்தையும் சேர்த்து வைத்ததைவிட நீளமாக இருந்தது.

“ரெண்டு வாரம், கடிகாரம்” என்றான் அவன். “ரெண்டு வாரம் நான் கோலி கூட விளையாடலை.”

“தெரியும்.”

“என்கிட்ட பெட்டியை வாங்கிட்டுப் போனியே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லத்தான் வந்தேன்.”

அவன் மூக்கை உறிஞ்சினான். சீட்டை நாலாக மடித்து, சட்டைப்பையில் ஆணிகளோடு போட்டுக்கொண்டான். “சரி போ. கூடை வழியில கிடக்குது. யாராவது விழுந்து வைக்கப் போறாங்க.”

அவள் திரும்பினாள். எதிரே அப்பா நின்றார்.

பீடத்திலிருந்து இறங்கி, சோப்புக் கூடையைச் சுற்றிக்கொண்டு, நீண்ட அங்கி தரையில் புரள வந்திருந்தார். தனக்குத்தான் திட்டு என்று கடிகாரம் நினைத்தாள். அப்பா அவள் தோளில் ஒரு கையை வைத்தார். ஆனால் பேசியது அவளிடம் இல்லை.

“தம்பி, நானும் உன்கிட்ட சரியா விசாரிக்கலை. எல்லார் முன்னாடியும் உன்னைக் குறை சொன்னேன். எல்லார் முன்னாடியும் கேட்டுக்கறேன், மன்னிச்சுக்கோப்பா.”

ஆணி தன் அப்பாவைப் பார்த்தான். தச்சர் மாமா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “பரவாயில்லைன்னு சொல்லுடா, ஐயா நிக்கறார்ல” என்றார்.

“பரவாயில்லைங்க ஐயா” என்றான் ஆணி. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐயா, அந்த ஏழு சாய்ஞ்சிருக்கு. நான் சரி பண்ணட்டுமா?”

அப்பா பலகையைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவையும் பார்த்தார்.

“ஏழு மட்டும் இல்லை, அந்த வரிசையையே மாத்து. அன்னைக்குப் பாடாம விட்ட பாட்டை இன்னைக்குப் பாடிடலாம். எண் தெரியுமில்ல?”

ஆணிக்கா தெரியாது?

கடிகாரம் உருண்ட சோப்புகளைப் பொறுக்கிப் போட்டு, கூடையைத் தூக்கிப் பீடத்தில் கொண்டுபோய் வைத்தாள். இந்த முறை அது கனக்கவில்லை. ஆணி ஸ்டூலில் ஏறினான். ஒன்று. நாலு. ஏழு இறுக்கமாக இருந்தது, மெதுவாகத் தள்ளினான். மூன்றும் நேராக நின்றன.

இசை டீச்சர் அந்தத் துள்ளலான ராகத்தைத் தொடங்கினார். பெரியம்மா குழந்தையின் கையைப் பிடித்துத் தாளம் போட்டார்.

ஆணியும் பாடினான், ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டு, தொண்டை கிழிய. முதல் வரிசைக்கு ராகம் தவறியது. அப்புறம் இரண்டாம் வரிசைக்கும் தவறியது. ஒருவரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.