கீழ் லயத்துப் பால்

மதியச் சங்கு ஓய்ந்த நேரத்தில் ராமுத்தாய் ஓடையைத் தாண்டி, அடுத்த எஸ்டேட்டுக் கூலிக்காரர்களின் வீட்டுவரிசையான கீழ் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். எழுபத்துநாலாம் வருஷத்து ஐப்பசி மஞ்சு, எதிரே நின்ற தேயிலைச் செடியையும் விழுங்கியிருந்தது. முந்தானையால் இடது கண்ணைத் துடைத்தாள். கை இறங்குமுன் மறுபடி வழிந்தது.

மழைக்காலம் தொட்டே இப்படித்தான். "ராமுத்தாக்கா, யாரு செத்தா?" என்று கொழுந்து கிள்ளுகிறவர்கள் கேலி பேசும்போது அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். சிரிப்போடும் கண் ஒழுகும். ஆனால் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாள் சிரிக்கவில்லை.

"நல்ல காரியம் பேசுற எடத்துல பொண்ணப் பெத்தவ அழுதுகிட்டே நின்னா எப்பிடி? ஞாயித்துக்கெழம பூ வைக்க வாறோம். அன்னைக்கும் இப்பிடின்னா வேற எடம் பாத்துக்கிறோம்."

மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராமுத்தாய்க்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் பிச்சைமணி இமையை விலக்கிப் பார்த்தார். "கண்ணுத்தண்ணி மூக்குக்குள்ள எறங்க ஒரு சின்னக் கொழா உண்டு. அது அடைச்சிருக்கு. வெந்நீர்த் துணியால ஒத்தி, மூக்கோரமா வெரலால மெதுவா நீவுங்க. அடுப்புப் பொகையில முகத்தக் காட்டாதீங்க. கேக்கலன்னா மதுர ஆஸ்பத்திரி. அத விட்டுட்டுத் தாய்ப்பால் கீய்ப்பால்னு ஊத்துனீங்க, சீப்பிடிச்சிரும்."

ஒத்தடம் பலிக்க நாளாகும். ஞாயிற்றுக்கிழமையோ வாசலில் வந்து நின்றது. கண்ணில் விடத் தாய்ப்பால் வேண்டுமென்று சொந்த லயத்தில் கேட்டால் அதற்கும் ஒரு கேலி கிளம்பும். ஓடைக்கு அப்பால் கைக்குழந்தை அழுவதை அவள் பலமுறை கேட்டிருந்தாள். இப்போதும் கேட்டது.

கடைசி வீட்டிலிருந்து.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பு எரிந்த வாடையே இல்லை. ஈரமண்ணும் புளித்த பாலும் நாறின. இருட்டு மூலையில் தலைமுடி விரிந்த ஒரு பெண் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பேரென்ன தாயி?"

"சாந்தம்மா."

"கண்ணு ஓயாம ஒழுகுது. ரெண்டு சொட்டுப் பால் ஊத்துவியா?"

"வாங்க மதினி. பால் கட்டிக்கிட்டு உசுரு போகுது எனக்கு."

"பிள்ள எங்க? அழுத சத்தம் கேட்டுச்சே?"

"பசியில அழுவுது. எங்கிட்ட வரத்தான் அதுக்கு வழி தெரியல."

ராமுத்தாய் அவள் மடியில் தலை சாய்த்தாள். கண்ணில் விழுந்த சொட்டு ஓடைத்தண்ணீராய்ச் சில்லிட்டது.

தாய்ப்பால் குளிருமா?

"எங்கிட்ட இருந்தத உங்களுக்குக் குடுத்துட்டேன் மதினி," காதோரம் குரல் கிசுகிசுத்தது. "இனி நீங்க பாத்துக்கிடுங்க."

மறுநாள் கண் காய்ந்திருந்தது. பிச்சைமணிக்கு ஒரே பெருமை. "பாத்தீகளா, வெந்நீர் கேட்டிருச்சு!"

அவள் தலை குனிந்து உண்மையைச் சொன்னாள். பிச்சைமணியின் முகம் செத்துப்போயிற்று.

"கீழ் லயத்துக் கடைசி வீடா? அந்தச் சாந்தம்மா போன வருசம் பிரசவத்துல போயிட்டாளே. பாலில்லாம மறுநாளே பிள்ளையும் போயிருச்சு. அந்த வீட்ட அப்பறம் யாருக்கும் குடுக்கல."

ஞாயிற்றுக்கிழமை குருவம்மாள் பூத்தட்டோடு வந்தாள். "இன்னைக்குத்தான் சம்பந்தி முகம் வெளிச்சமா இருக்கு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் குழந்தை அழுதது.

வேறு யாரும் திரும்பவில்லை.

ராமுத்தாயின் மார் கனத்தது, கடுத்தது. மாதவிலக்கு நின்று வருஷங்களான உடம்பு அது. ரவிக்கையில் ஈரம் வட்டமாய்ப் பரவி, சேலையை நனைத்து, வயிற்றில் வழிந்தது.

குருவம்மாளின் பார்வை அங்கேயே நின்றது. நீட்டிய தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சம்பந்தி," என்றாள் தணிந்த குரலில். "ஊட்டுல கைப்பிள்ள யாருது?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ராமுத்தாய் முந்தானையை இழுத்து, இரண்டு கையாலும் மாரை மூடிக்கொண்டாள்.

அழுகை சட்டென்று நின்றது.

மூடிய கைகளுக்கு அடியில், சில்லிட்ட சின்ன வாய் ஒன்று பசியோடு உறிஞ்சத் தொடங்கியது.