ஹாலோவேயின் மூன்றாவது நீதிமன்றம்

நீதிபதி மேடைக்குப் பின்னால் இருந்த சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. நவம்பர் மாதம். கட்டடத்தைக் காலி செய்து மூன்று வாரம் ஆயிற்று, கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனையும் அணைத்துவிட்டார்கள். கல் ஐஸ்போல் அல்லவா இருக்க வேண்டும்? வெர்லீன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

முப்பத்திரண்டு வருடம் அங்கே எழுத்தராக இருந்தவள் அவள். திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள். நெடுஞ்சாலையோரம் தகரக் கொட்டகை போல் ஒரு புது நீதிமன்றம் எழும்பிவிட்டது. வழியனுப்பு விழாவுக்காக ஹாலோவே மாவட்ட நீதிமன்றங்களின் வரலாற்றை அவள்தான் சிறு புத்தகமாக எழுதியிருந்தாள். முதலாவது மரக்கட்டைகளால் ஆனது, வெள்ளத்தில் போனது. இரண்டாவது செங்கல், 1911இல் எரிந்தது. மூன்றாவதுதான் இது. தீயில் விழாமல் நின்ற பழைய பின்சுவரை ஒட்டியே, காசு மிச்சம் என்று, இந்தக் கூடத்தைக் கட்டினார்கள்.

கட்டடத்தைப் பராமரிக்கும் மெர்ல் கதவருகே எட்டிப்பார்த்தான்.

"என்ன வெர்லீன், சுவத்துக்கு முத்தம் குடுத்து வழியனுப்புறியா?"

"சூடா இருக்கு மெர்ல். தொட்டுப் பாரேன்."

அவன் தொடவில்லை. "உன் புத்தகத்தைப் படிச்சேன். தீ விபத்துல உயிர்ச்சேதம் இல்லைன்னு போட்டிருக்க."

"பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு."

"பதிவேட்டை எழுதினது உன் கொள்ளுத்தாத்தாதானே? அந்தச் சுவத்துக்குப் பின்னாடி லாக்கப்புல ஒருத்தன் இருந்தான்னு ஊர் நாய்க்குக்கூடத் தெரியும்."

"பேரே இல்லாதவனை நான் எங்கேர்ந்து கொண்டு வர்றது?"

"அதான் உங்களுக்கெல்லாம் வசதியாப் போச்சு."

படிக்கட்டில் அவன் செருமல் தேய்ந்து மறைந்தது. பிறகு அவனுடைய ட்ரக் கிளம்பிப் போனது.

உயரமான சன்னல்கள் வழியே மூன்று மணி வெயில் பெஞ்சுகள்மேல் சாய்ந்து கிடந்தது. மணிக்கூண்டில் புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன. தரை மெழுகும் பழைய காகிதமும் கலந்த, அவளுக்குப் பழகிப்போன வாசனைக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பி, முதலில் சமையலறையில் எதையோ தீயவிட்டதுபோலவும், பிறகு தலைமயிர் பொசுங்குவதுபோலவும் மெல்ல மெல்லப் பரவியது.

சுவரில் தட்டும் சத்தம்.

அந்தச் சுவருக்குப் பின்னால் இப்போது அறை இல்லை. இரண்டு மாடி உயரத்தில் வெறும் காற்று.

மறுபடியும் தட்டல். முதலில் அவள் தலை உயரத்தில். பிறகு மார்பு உயரத்தில். பிறகு இடுப்புக்குக் கீழே, நிற்க முடியாமல் யாரோ சரிவதுபோல.

அவள் கோட்டுப் பையிலிருந்த தன் புத்தகத்தை எடுத்துத் திறந்து, 'உயிர்ச்சேதம் இல்லை' என்ற வரியை அடித்தாள். 'ஒரு கைதி உள்ளே இருந்தான். திறந்துவிடவில்லை' என்று எழுதினாள்.

தட்டல் நின்றது.

புறாக்களும் அடங்கின. அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் மற்றதெல்லாம் வந்தது. விழாவில் முதல் வரிசையில் உட்காரப்போகிற அண்ணன், கொள்ளுத்தாத்தா பெயரில் ஊர் நூலகம், தேவாலயத்தில் திரும்பிப் பார்க்கப்போகிற முகங்கள். யாருக்கு என்ன லாபம்? அவள் அந்தத் தாளைக் கிழித்து, கசக்கி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

கூடத்தின் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். தோல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள். மேடைக்குப் பின்னால் சுவர்ப் பூச்சு கொப்புளித்தது. கதவின் அடியில் புகை.

சன்னல். கண்ணாடியை அறைந்தாள். "மெர்ல்! யாராவது! கதவைத் திறங்க!"

கீழே புல்வெளி நிறைய மனிதர்கள். அந்தக் காலத்துத் தொப்பியணிந்த ஆண்கள். நீளப் பாவாடைப் பெண்கள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு தாய் மட்டும், நன்றாகத் தெரியட்டும் என்று, தன் குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.