ஒருமனதாக ஒரு முடிவு

மழைக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும்.

"இங்க பெண்ணுரிமைக் கூட்டம் நடக்குதுங்க... நீங்க இடம் மாறி வந்துட்டீங்களா?"

முக்காட்டின் ஓரத்தில் நீர் சொட்ட அவள் நிமிர்ந்தாள். "காது கேட்காதவங்களுக்குச் சைகையில சொல்ல ஆள் கேட்டிருந்தீங்களே... அந்த ஆள் நான்தான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டம் நடத்தும் சங்கத்தின் செயலாளரே அவன்தானாம். அசடு வழியக் கைக்குட்டையை நீட்டியவனின் கண்களில் அப்படியொரு வெட்கம்... அவளுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தான். உங்க விரல்கூட சிரிக்குது என்பான். அது சிரிப்பில்லை, உங்க நீளமான பேச்சால வந்த சுளுக்கு என்பாள். மகளின் முகத்தைப் படித்துவிட்ட அம்மா மட்டும், சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லாம் நம்மவர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று சொல்லிவைத்தாள்.

சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கியது. சங்கத் தலைவி அவள் தோளில் பாசமாகக் கைபோட்டுப் பேசினாள். மேடையில் முக்காடு தெரிந்தால் தப்பான சேதி போகுமாம். உன் விடுதலைக்கும் சேர்த்துத்தானே போராடுகிறோம், அன்று ஒருநாள் எடுத்துவிடேன்... முடியாதென்றால் வேறு ஆள் பார்க்கிறோம் என்றாள். செயற்குழு ஒருமனதாக எடுத்த முடிவாம்.

ஒருமனதாக... அப்படியென்றால் அவனும்தான்.

திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஊரார் பேச்சையெல்லாம் கையில் ஏந்திச் சொன்னவளுக்கு, தனக்காகச் சொல்ல ஒரு சொல் வரவில்லை. மழையிலேயே நடந்தாள்.

மூன்று வாரம் கழித்து, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வந்தான். புறநோயாளிகள் பெஞ்சில், மதிய இடைவேளை வரை காத்திருந்தான். சங்கத்தில் அவளுக்காகத் தாமதமாக வாய் திறந்ததையும், அவளிடம் மயங்கிவிட்டான் என்று அவர்கள் சிரித்ததையும், பதவியை விட்டதையும் சொன்னான்.

"அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?"

"வேண்டாங்க. அன்னைக்கு நானும் கை தூக்கினேன்... தப்புன்னு தெரிஞ்சே. என்னைப் பிற்போக்குன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். இதைச் சொல்லாம, உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல மனசு வரல."

சன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க தலைவி சொன்னது வலிக்கலைங்க. அதெல்லாம் பழகிப்போச்சு." குரல் உடைந்தது. "நீங்க நிமிர்ந்து பார்க்கலையே... அதான். எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்துச்சு."

"இருந்துச்சா...?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கு. அதனாலதான் இன்னும் வலிக்குது."