மலைக்குப் போன நங்கூரம்

நங்கூரம் என்பது கடலில் கிடக்க வேண்டிய பொருள். அது மணலூர்பேட்டையைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, ஓர் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் மாலை போட்டுக்கொண்டு கிடந்தது என்றால் யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே சாலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அழாமல் இருப்பதற்கு அவள் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

சாலம்மாள் கல்வராயன் மலைக்காரி. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அப்பா மாயவன் கடற்படையில் இருந்தவர். மலையில் பிறந்து, மலையில் மாடு மேய்த்து, கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் கடற்படையில் போய்ச் சேர்ந்தவர். 'வீரகங்கா' என்ற போர்க்கப்பலில் அவர் சமையல்காரர்.

சாலம்மாளுக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு பெரும் புயல் அடித்தது. நடுக்கடலில் மாட்டிக்கொண்ட மீனவர்களைக் காப்பாற்ற வீரகங்கா போனது. ஆள் பற்றாததால் சமையல்காரர் மாயவனும் கயிறு பிடிக்க மேலே வந்தார். கடைசி மீனவரையும் இழுத்து ஏற்றியபிறகு ஒரு பெரிய அலை வந்தது. அந்த அலையோடு போன மாயவன் திரும்பவில்லை. தேடித் தேடிப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை. அதனால் மலையில் அவருக்கென்று ஒரு கல்கூட நடவில்லை.

கப்பலுக்கும் வயதானது. உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. அந்த மீனவர்கள் விடவில்லை. "எங்க உசிரக் காப்பாத்துன கப்பல ஒடைக்காதீங்க" என்று ஒவ்வொரு அலுவலகமாக நடையாய் நடந்தார்கள். கடைசியில் கப்பலைக் கரையோரம் நிறுத்தி, எல்லாரும் ஏறிப் பார்க்கும்படி அருங்காட்சியகமாக மாற்றினார்கள். கப்பலில் இருந்த நங்கூரங்கள் இரண்டு. ஒன்று கப்பலோடு இருக்கட்டும், மற்றது மாயவன் படித்த மலைப் பள்ளிக்கூடத்தில் அவர் நினைவாக நிற்கட்டும் என்று முடிவானது.

அதை வாங்கிவரத்தான் சாலம்மாளும் அவளுடைய தாய்மாமன் ராசுவும் போயிருந்தார்கள். அம்மா ரங்கம்மாள் போகவில்லை. கடலைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

கப்பலில் அப்பாவின் சமையலறையைப் பார்த்ததைச் சாலம்மாளால் மறக்கவே முடியாது. ஒரு ஆளே உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற பாத்திரங்கள். அலையில் சாயாமல் இருக்க அவற்றைக் கட்டிவைக்கும் கம்பிகள். எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒரு சின்னப் பையன், "இவ்ளோ பெரிய சட்டியில யாரும்மா சமைச்சாங்க?" என்று தன் அம்மாவிடம் கேட்டான்.

சாலம்மாள்தான் பதில் சொன்னாள். "எங்கப்பா."

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு லாரி திருவண்ணாமலை வழியாக வந்தது. மணலூர்பேட்டையில் தென்பெண்ணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் கீழே 'படார்' என்று ஒரு சத்தம். ஓட்டுநர் கண்ணாயிரம் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

"ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சி போச்சு. பாரத்த எறக்கனாதான் வேல செய்ய முடியும்" என்றார்.

நல்லவேளையாக, பக்கத்தில் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த கிரேன்காரர் வந்து, நங்கூரத்தைத் தூக்கி ஏரிக்கரையில் மெதுவாக இறக்கினார். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஆவணி பிறந்தும் மழையில்லாமல் ஏரி வெடித்துக் கிடந்தது. வயலில் வேலையில்லாத ஜனங்களுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்குமா?

நங்கூரம் தரையைத் தொட்டது. கிரேன்காரர் சங்கிலியைக் கழற்றினார். மேற்கே ஒரு இடி இடித்தது.

பிறகு கொட்டியது பாருங்கள் மழை. ஓடி ஒதுங்கக்கூட நேரமில்லை. ஒதுங்க வேண்டும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவும் இல்லை. கமலா என்ற பெண் தன் மல்லாட்டைக் கொல்லையின், அதாவது நிலக்கடலைக் காட்டின், நடுவில் போய் நின்று, வாயைத் திறந்து மழையைக் குடித்தாள். அப்புறம் சாலம்மாளையும் ராசுவையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தலை துவட்டத் துண்டு கொடுத்து, சுடச்சுடச் சோறும் புளிக்குழம்பும் போட்டாள். லாரி சரியாகும்வரை அங்கேயே தங்கவும் சொன்னாள்.

காலையில் எழுந்து ஏரிக்கரைக்குப் போனால், நங்கூரத்தை அடையாளமே தெரியவில்லை. உடம்பெல்லாம் மஞ்சள். இரண்டு கொக்கிகளிலும் குங்குமம். வளையத்தில் சாமந்தி மாலை. முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் வேறு.

ராசு மாமா தலையைச் சொறிந்தார். "இன்னாங்க இது?"

"நங்கூர சாமி" என்றார் பூமாலை. அவர்தான் அந்த ஊரின் பெரியதனக்காரர். "தரையில எறங்குன நிமிசம் மழைய கொண்டாந்துச்சு. இனிமே இது எங்க ஊருலதான் இருக்கும். வேப்பமரத்தடியில மேடை கட்டப் போறோம்."

"பெரியவரே, இது வெறும் இரும்புங்க. பொழுது சாயறதுக்குள்ள நாங்க மலைக்குப் போயாவணும். அங்க விழா வெச்சிருக்காங்க."

'வெறும் இரும்பு' என்று சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் முணுமுணுத்தது.

"அம்மனக்கூட வெறும் கல்லுன்னு சொல்றவன் இருக்கறான். அதுக்காவ கோயில இடிச்சிட்டமா?" என்றார் பூமாலை.

ராத்திரியெல்லாம் பட்டறையில் விழித்திருந்து லாரியைச் சரிபண்ணிக் கொண்டுவந்திருந்த கண்ணாயிரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் போலீசுக்குப் போவேன்" என்றார்.

"போய்க்கோ. அவுங்க வந்தாலும் கற்பூரம் ஏத்திக் கும்புட்டுட்டுதான் போவாங்க."

கண்ணாயிரம் கிரேன்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், நீயாச்சும் தூக்கி வெய்யா."

கிரேன்காரரும் அந்த ஊர்க்காரர்தான். "நேத்து இரும்பா இருந்துச்சு, தூக்குனேன். இன்னிக்கு சாமியா இருக்குது. கை வரமாட்டேங்குதே" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இங்கேதான் சாலம்மாள் அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். மலையில் பள்ளிக்கூடத்து முற்றத்தில் குழி வெட்டித் தயாராக வைத்திருப்பார்கள். அம்மா விடிந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பாள். இத்தனை வருடம் கழித்து அப்பாவுடையது என்று ஏதோ ஒன்று ஊருக்கு வருகிறது. அது நடுவழியில் நின்றுவிட்டது என்று அம்மாவிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

'எல்லாரும் திருடங்க' என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தும்விட்டாள்.

அப்போது கமலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பிடி மல்லாட்டை. ஈர மண்ணோடு செடியிலிருந்து அப்போதுதான் பிடுங்கியது. அதை நங்கூரத்தின் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். "கருகிப்போன கொல்லைக்கு உசிரு குடுத்தியே, நீ நல்லா இருக்கணும்" என்று மெல்லச் சொன்னாள்.

சாலம்மாள் வாயை மூடிக்கொண்டாள். திருடர்கள் யாராவது திருடும் பொருளிடம் நீ நல்லா இருக்கணும் என்று சொல்வார்களா? இவர்களுக்கு நன்றி சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த மீனவர்களுக்குக் கப்பல் தேவைப்பட்ட மாதிரி. அவ்வளவுதான்.

அவளும் நங்கூரத்தின் முன்னால் போய் நின்று கும்பிட்டாள். கும்பிட்டு முடித்ததும் பூமாலையிடம் திரும்பினாள்.

"தாத்தா, தை மாசம் ஆத்துத் திருவிழாவுக்குத் திருவண்ணாமல சாமி உங்க மணலூர்பேட்ட ஆத்துக்குத்தான வருது? நாங்க மலையிலருந்து வந்து பாத்திருக்கறோம்."

"ஆமாம் பாப்பா. அவ்ளோ தூரத்துலருந்து தீர்த்தவாரிக்கு இங்கதான் வரும்." பூமாலையின் குரலில் பெருமை பொங்கியது. "வழியில ஊருக்கு ஊரு நிறுத்தி மாலை போடுவாங்க."

"ஆத்துல குளிச்சிட்டு இங்கியே இருந்துக்குமா?"

"அதெப்படி இருக்கும்? தன் வூட்டுக்குத் திரும்பிடும்."

"நீங்க யாரும் புடிச்சி வெச்சிக்கலியா?"

கூட்டம் சிரித்தது. "சாமிய யாராச்சும் புடிச்சி வெப்பாங்களா? அது தன் வூட்டுக்குப் போய்ச் சேரணும் இல்ல, ஜனங்க காத்துக்கினு இருப்பாங்களே" என்றாள் கமலா.

"எங்க மலையிலயும் காத்துக்கினு இருக்காங்க" என்றாள் சாலம்மாள். "இது எங்கப்பா இருந்த கப்பலு. அவரு கடல்லியே போயிட்டாரு. எங்களுக்கு எதுவுமே திரும்பி வரல. இப்பதான் இது வருது. எங்கம்மா பள்ளிக்கூடத்துல உக்காந்துக்கினு இருக்கும்."

சிரிப்பு நின்றது.

பூமாலை தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்தே சொல்லக் கூடாதா கண்ணு?"

"நேத்து நீங்க எல்லாரும் மழையில ஆடிக்கினு இருந்தீங்க" என்றாள் சாலம்மாள். பூமாலைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? வூட்டுக்குப் போற சாமிய வெறுங்கையா அனுப்பற பழக்கம் நம்ம ஊருக்கு உண்டா?"

அந்த ஊர் அப்படியொரு வேகத்தில் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. லாரியின் இரண்டு பக்கமும் தோகையோடு கரும்பு கட்டினார்கள். வாழைக்குலை வந்தது, இளநீர் வந்தது. எங்கிருந்தோ பம்பைக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். கிரேன்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிரேனில் ஏறினார். இந்தமுறை அவருக்குக் கை நன்றாகவே வந்தது.

நங்கூரம் எழுந்ததும், அது கிடந்த இடத்தில் ஈரமண்ணில் ஒரு பள்ளம் தெரிந்தது. அச்சு அசல் நங்கூர வடிவம். அதில் மழைத்தண்ணீர் ஊறி நிறைந்தது. பெண்கள் அதைச் சுற்றிப் பூப்போட்டார்கள்.

"பாக்கணும்னா மலைக்கு வாங்க. எங்க பள்ளிக்கூடத்துலதான் இருக்கும்" என்று சாலம்மாள் எல்லாரையும் அழைத்தாள்.

"வராம இருப்பமா? ஏரி நெரம்பலன்னா மொத ஆளா நான் வந்துடுவேன்" என்றார் பூமாலை.

கமலா ஒரு துணிமூட்டையில் மல்லாட்டை கட்டிக் கொடுத்தாள். "அம்மா கையில குடு" என்றாள். அவளே ஒருவேளைச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிறவள் என்று சாலம்மாளுக்குத் தெரியும். அவள் கமலாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ரொம்ப நன்றி அக்கா. எங்கப்பாவ ஒரு நாளு வெச்சிருந்து நல்லா பாத்துக்கினீங்க" என்றாள். சற்றுமுன் இவர்களையா திருடர்கள் என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பம்பை முழங்க ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பினார்கள். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று லாரி போகப் போக, கரும்பும் மாலையும் கட்டிய வண்டியைப் பார்த்தவர்கள் எல்லாம் கல்யாண வண்டி என்று நினைத்து விலகி வழிவிட்டார்கள். கண்ணாயிரமும் மாப்பிள்ளை ஊர்வலம் ஓட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். மலையேறும்போது இன்னொரு தூறல் போட்டது.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊரே நின்றிருந்தது. கண்ணாயிரம் லாரியின் பின்பலகையைத் திறந்துவிட்டார். மஞ்சளும் குங்குமமும் மாலையுமாக நங்கூரம் வந்து நின்ற அழகை எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ரங்கம்மாள் மெல்ல நடந்து வந்தாள். "இதெல்லாம் யாரு செஞ்சது?"

"கீழ்நாட்டுக்காரங்க, மணலூர்பேட்டப் பக்கம். நம்ம அப்பாவுக்காவ செஞ்சாங்க" என்று சாலம்மாள் மூட்டையை அவள் கையில் கொடுத்தாள்.

ரங்கம்மாள் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நனைஞ்சிருக்குதே" என்றாள்.

"வழியில மழைம்மா."

"உங்கப்பா லீவுல வந்தா எப்பவும் இப்படித்தான் வருவாரு. கொட கொண்டாங்கன்னா கேக்கவே மாட்டாரு." ரங்கம்மாள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு முந்தானையை எடுத்து, மஞ்சள் அழியாமல், தலை துவட்டுவதுபோல நங்கூரத்தைப் பொறுமையாகத் துடைத்தாள்.