எழுதாமல் விட்ட கிணறு

மருத்துவப் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளை அச்சேறும் முன்பே படித்துக் குறை சொல்வது டாக்டர் வீரபாகுவின் வேலை. சம்பளம் கிடையாது, விரோதம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஓய்வு பெற்ற பிறகும் சென்னையிலிருந்து கட்டுரைக் கட்டுகள் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்துகொண்டே இருந்தன. அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

1936ஆம் வருடக் கோடையில் கட்டுக்குப் பதிலாக, கட்டுரையை எழுதியவரே வந்து நின்றார். இளம் டாக்டர் சின்னராஜ். பத்திரிகை ஆசிரியர்தான் அனுப்பினாராம்.

மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் போன வருடம் எல்லோருக்கும் அவர் ஊசி போட்டார். இந்த வருடம் ஒருவர் காலிலும் தோலைக் கிழித்து வரும் நரம்புச் சிலந்திப் புழு தலைகாட்டவில்லை. அதே மருந்தை அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகே இன்னொரு டாக்டர் போட்டார். அங்கே பாதி ஊர் புழுவோடு படுத்துக் கிடக்கிறது. சின்னராஜ் கூசாமல் பொய் எழுதிவிட்டார் என்று பேச்சு. அது தீராவிட்டால் இனி அவர் சொல்லை எந்த டாக்டரும் நம்பமாட்டார்.

"நான் பொய் எழுதலீங்க ஐயா."

வீரபாகு கட்டுரையைப் புரட்டினார். மருந்தின் அளவு, ஆட்களின் வயது எல்லாம் இருந்தன. "அந்த ஊருக்கு எதுக்குப் போனீங்க?" என்று கேட்டார்.

"வேற வேலையாப் போனேனுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

வீரபாகுவின் பழைய கம்பவுண்டர் கரீம் பாஷா, துப்பு என்றால் சோற்றை மறக்கிற மனிதர், மருந்து கெட்டிருக்கும் என்றார். பிறகு, அந்த டாக்டருக்குப் பொறாமை என்றார். வீரபாகு செருப்பை மாட்டினார்.

சின்னராஜ் ஊசி போட்ட கிராமத்துக்கு மூவரும் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வீடு வீடாகக் கால்களைப் பார்த்தார்கள். பழைய தழும்புகள் இருந்தன, புதிய புழு ஒன்றுகூட இல்லை. பொய் இல்லை என்றதும் கரீம் பாஷாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குடத்தோடு வந்த பெண்களின் சேலைக் கரையை வீரபாகு பார்த்துக்கொண்டு நின்றார். பூவாத்தாள் என்பவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கினார். அவள் உள்ளங்கையையும் பார்த்தார். பிறகு ஊரின் படிக்கிணறு எங்கே என்று கேட்டார். அதன் வாயெல்லாம் முள் போட்டு அடைத்திருந்தது. படிகளில் புல் மண்டியிருந்தது.

"படியில இறங்கித் தண்ணி மொண்டா சேலை நனைஞ்சிருக்கணும். இங்க ஒருத்தர் சேலையும் நனையலை. அந்தம்மா கையில கயிறு அறுத்த காய்ப்பு. புழு வந்த காலைத் தண்ணியில வெச்சா அது குஞ்சு விடும், அந்தத் தண்ணியைக் குடிச்சவங்களுக்கு அடுத்த வருஷம் புழு வரும். கயித்துல இறைக்கிற கிணத்துல யாரும் கால் வைக்கிறதில்லை, புழு தண்ணியில கலக்கவும் வழியில்லை. உங்க ஊசி இங்கயும் ஒண்ணும் பண்ணலீங்க டாக்டர், அங்கயும் பண்ணலை. அங்க இன்னும் படியிலதான் இறங்குவாங்க" என்றார் வீரபாகு.

"இதை ஏன் அடைச்சாங்க?" என்று கரீம் பாஷா கேட்டார். சின்னராஜ் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னவள் பூவாத்தாள்தான்.

"போன வருசம் எம்புள்ள உழுந்து செத்த கெணறுங்க சாமி. அதுக்கப்பறம் இந்தத் தண்ணிய யாருங் குடிக்கலீங்க. இந்த டாக்டரய்யாதான் அன்னிக்கு வந்து பாத்தாருங்க."

பிரேதத்தைப் பார்க்க வந்த இடத்தில்தான் ஊரார் கால்களைக் கண்டு ஊசி போடத் தொடங்கியதாகச் சின்னராஜ் ஒப்புக்கொண்டார். கிணற்றை அடைத்தார்களா என்று பிறகு அவர் கேட்கவே இல்லை. ஒரு குழந்தையின் சாவு ஆராய்ச்சியில் சேராது என்று நினைத்துவிட்டார்.

"நீங்க பொய் எழுதலை. எழுத வேண்டியதை எழுதலை. எனக்கு வர்ற கட்டுரையில பாதி இப்படித்தான்" என்றார் வீரபாகு. குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. ஊசி பலிக்கவில்லை என்பதையும் கிணறு அடைபட்டதையும் சேர்த்துத் திருத்தி எழுதினால் சின்னராஜின் பெயர் கெடாது என்றார்.

சின்னராஜ் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். என்ன எழுதுகிறார் என்று பூவாத்தாள் கரீம் பாஷாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அப்ப எம்புள்ளயாலதான் ஊரு பொழச்சுதுங்களா? அவ பேரையும் அதுல எழுதுங்க சாமி."

சின்னராஜ் பேனாவை நிறுத்திவிட்டு வீரபாகுவைப் பார்த்தார். கட்டுரையில் யார் பெயரையும் போடக்கூடாது. வீரபாகுவே எத்தனையோ பெயர்களை அடித்துத் திருப்பியிருக்கிறார்.

"எழுதுங்க. குறை சொல்ல வேண்டியவன் நான்தானே" என்ற வீரபாகு, பூவாத்தாளின் பக்கம் திரும்பினார். "பேரைச் சொல்லுங்கம்மா."