குமுஷ்-புலாக்கின் ஒன்பதாவது வீடு

2019ஆம் ஆண்டு ஏப்ரல் பதினேழாம் நாள், புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நாரின் மலைப்பகுதியில், ஆக்-கியா ஊருக்கு மேலே, குமுஷ்-புலாக் ஊற்றை நோக்கிய பாறைமுகட்டில், பெரிஸாத் என்னும் இருபத்தேழு வயதுப் பெண் குப்புறப் படுத்துத் தொலைநோக்கியால் காட்டாடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று வரை எண்ணியாயிற்று. அவற்றுள் பத்தொன்பது சினையாடுகள். சாரல் தொடங்கிவிட்டது, அவள் அசையவில்லை.

அப்போதுதான் அந்தச் சீழ்க்கை ஒலி கேட்டது...

சிவந்த குதிரையொன்றில் நிதானமாக ஏறி வந்தான் ஒருவன். தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி, உதட்டில் சீழ்க்கைப் பாட்டு. ஊற்றோரம் நின்ற காட்டாடுகள் ஒருமுறை தலை தூக்கின. அவ்வளவுதான்... கற்கள் உருண்டன, கொம்புகள் மின்னின, சரிவு வெறிச்சோடிப் போயிற்று.

பெரிஸாத் எழுந்து நின்றாள். தலைக்குட்டை நழுவி, நெற்றியில் மழை வழிந்தது.

"பைக்கே! அண்ணே! உங்களுக்குப் பாடறதுக்கு வேற மலையே கிடைக்கலையா?"

பாறைக்குள்ளிருந்து பெண் முளைத்ததைக் கண்டு குதிரைதான் முதலில் மிரண்டது. அவன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான்.

"மலை பேசுதுன்னு நினைச்சேன். நீங்கதானா?"

"முப்பத்தொண்ணு எண்ணியிருந்தேன்! இன்னும் பாதிச் சரிவு பாக்கி."

"அவ்வளவுதானே? நான் எண்ணித் தர்றேன்." கண்ணுக்குமேல் கையை வைத்துச் சரிவை மெல்லப் பார்த்தான். "ஒண்ணுகூட இல்ல. எழுதிக்கோங்க."

அவளுக்கு வந்த சினத்தில் சிரிப்பும் கலந்து வந்ததுதான் கொடுமை. இவன் யாராக இருந்தால் எனக்கென்ன... என்று நினைத்துக்கொண்டே தன் குதிரையை நோக்கி நடந்தாள். நினைத்ததற்கு மாறாக, ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் மூன்றாண்டு உழைப்பு இருந்தது. குமுஷ்-புலாக் நீர்தான் கீழே கோக்-ஜார் ஊருக்குக் குடிநீர். வசந்தத்தில் மந்தைகள் இறங்கி ஊற்றங்கரையை மிதித்தால் அங்கே குழாயில் சேறு வரும். இங்கே காட்டாடுகள் ஈன இடமில்லாமல் அலையும். ஆகையால் ஆக்-கியாவின் மேய்ப்பர்கள், கோக்-ஜாரின் மக்கள், காப்புக்காட்டு அலுவலர்கள் என மூன்று தரப்பும் ஓர் உடன்படிக்கைக்கு இசைந்திருந்தன. ஜூன் இருபதுவரை பள்ளத்தாக்கில் மந்தை இறங்காது. அதற்கு ஈடாக, கோக்-ஜாரார் உடைந்த ஆற்றுப்பாலத்தைக் கட்டித் தருவர். காப்புக்காட்டார் ஓநாய் நுழையாத பட்டிகளை அமைத்துத் தருவர். ஒன்பது மேய்ப்பர் வீடுகளும் ஒப்ப வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் உடன்படிக்கை இல்லை. அதை எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கி எட்டு வீடுகளின் ஒப்புதலைப் பெற்றவள், காப்புக்காட்டுக்காகக் கணக்கெடுக்கும் பெரிஸாத். ஒன்பதாவது வீட்டின் மூத்தவன் குளிர்காலத்தில் வேலை தேடி வெளியூர் போய்விட்டான். ஐந்தாண்டுகள் தொலைதூர ஓம்ஸ்க் நகரில் லாரி ஓட்டிய அவன் தம்பி திரும்பி வந்திருப்பதாகக் கேள்வி. கையொப்ப நாள் இருபத்துநான்கு.

நண்பகலில் அவளுடைய தாய்மாமனும் ஊர்ப்பெரியவருமான ஷர்ஷென் அக்சகால் வீட்டில் எட்டு வீட்டாரும் கூடியிருந்தனர். மழை வலுத்திருந்தது. கதவு திறந்தது, நனைந்த கல்பாக்கைக் கையில் பிடித்தபடி ஒருவன் நின்றான்.

"வா எர்மெக், வா! மழையில நிக்காதே. மேல வந்து உக்காரு!" என்றார் ஷர்ஷென்.

எர்மெக்... ஒன்பதாவது வீடு! பெரிஸாத் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவனோ அவள் மடியிலிருந்த தாள்கட்டைப் பார்த்தான். எட்டு வீடுகளின் ஒப்புதலைப் பெற்ற பெண் இவள்தான் என்று அவனுக்கும் விளங்கிவிட்டது. முடியாது என்ற ஒரே சொல்லைச் சொல்லத்தான் அவன் அன்று புறப்பட்டு வந்திருந்தான். ஆனால் உண்டு முடிக்குமுன் வேலைப் பேச்சை எடுக்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. ரொட்டி வந்தது, பாலாடை வந்தது, ஆட்டிறைச்சி வந்தது. அவன் உட்கார்ந்த இடம் அவளுக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது.

"ஓம்ஸ்க்ல இறைச்சி இல்லையாடா? தட்டைப் பார்க்காம எங்கயோ பார்க்கறே!" என்று பக்கத்திலிருந்த தொகோன் இடித்தார். எட்டு வீட்டாரில் வாய் ஓயாதவர் அவர்தான்.

உணவு முடிந்தது; மழையில் ஓடிப்போய்க் கைகழுவ நீர் கொண்டுவந்த பெரிஸாத் மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஷர்ஷென் இரு உள்ளங்கைகளையும் விரித்து வாழ்த்துரை தொடங்கினார். "குமுஷ்-புலாக்கின் தண்ணி தெளிஞ்சு ஓடட்டும். சினையா இருக்கிறது சுகமா ஈனட்டும். ஜூன் இருபதுவரை ஒன்பது வீட்டு மந்தையும் அந்தப் பள்ளத்தாக்கை மிதிக்காம இருக்கட்டும். ஓமின்!"

அப்படியே ஆகட்டும் என்பதற்கு அடையாளமாக எல்லாக் கைகளும் முகத்தைத் தடவி இறங்கின. எர்மெக்கின் கைகளும்தான்! "ஓமின்" என்று அவன் வாயும் சொல்லிவிட்டது.

வீடே அதிர்ந்தது.

"ஒன்பதாவது வீடும் குடுத்தாச்சு!" தொகோன் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "நீ மறுப்பேன்னு எல்லாரும் பயந்துக்கிட்டிருந்தோம். சிங்கம்டா நீ!"

எர்மெக்கின் முகம் வெளுத்தது. "நான்... கவனிக்கல..."

யார் காதிலும் அது விழவில்லை, பெரிஸாதைத் தவிர. விரித்த கையால் முகத்தைத் தடவிய பின் அந்த மலையில் யாரும் பேச்சை மாற்றுவதில்லை. அவன் எழுந்து வெளியேறினான். குதிரை கட்டும் கம்பத்தருகே அவள் ஓடிவந்து நின்றாள்.

"என் மந்தையில நூத்து முப்பத்தாறு தாயாடு இருக்கு, போன மாசம் ஈனினது. எல்லாத்துக்கும் பச்சைப்புல்லு அந்த ஊத்தங்கரையிலதான்," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "மாமனும் மருமகளும் நல்லாத்தான் திட்டம் போட்டிருக்கீங்க. சோத்தைப் போட்டு, வாயைக் கட்டியாச்சு."

"திட்டமா? நீங்க வருவீங்கன்னே எனக்குத் தெரியாது!"

"தெரியாமலே இவ்வளவுன்னா... தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருப்பேனோ!"

மழைக்குள் குதிரை மறைந்தது. அவளுடைய கண்கள் எரிந்தன. களவாடிய ஒப்புதல் என்றா நினைத்துவிட்டான்?

மறுநாள் காலை அவளே அவனுடைய பட்டிக்குப் போனாள். குட்டியொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவன், அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"பைக்கே, உங்க வீட்டுப் பேரை அடிச்சிட்டேன். கேக்காம சொன்ன ஓமின் எனக்கு வேண்டாம்."

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"கவனிக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கவனிக்கலதான். அதுக்காகக் கையைத் தூக்கலன்னு ஆயிடுமா? எட்டு வீட்டுக்கு முன்னாடி தூக்கினேன். இனிமே இல்லைன்னா செத்துப்போன எங்கப்பா பேரைத்தான் ஊரு சிரிக்கும். திரும்ப எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

"எழுதித்தான் ஆகணும்!"

"வேண்டாம்னு வந்தவர் நீங்க!"

"வேணும்னு கேட்டவங்க நீங்க!"

தோளிலிருந்த குட்டி கத்தியது. இருவரும் சிரித்துவிட்டனர்... சிரித்தது தெரிந்ததும் இருவருமே முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

"அப்புறம், இந்தப் பைக்கே, அண்ணன்கிற பேச்செல்லாம் வேண்டாம்," என்றான் அவன்.

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"அதை இன்னைக்கே சொல்லிட முடியாது."

அவள் கன்னம் சூடேறியது. பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. "உங்க ஆடுங்க என்ன பண்ணும்?"

"பசியில கிடக்கும். பாதி குட்டிங்க போயிடும்." சொல்லிவிட்டு ஆற்றுப்பக்கம் கைகாட்டினான். "மத்த எட்டு வீட்டுக்கும் ஆத்தோரம் வேலி போட்ட புல்தரை இருக்கு. வசந்தத்துல அவங்க ஊத்துப் பக்கம் வந்ததே இல்ல. மேய்க்காத புல்லை விட்டுக்குடுத்தாங்க அவங்க. மேய்ச்சல விடறது நான் ஒருத்தன்தான்."

மூன்றாண்டுகள்... கொம்பு கொம்பாக எண்ணியவள், ஊற்றின் நீரை நாழிகைக்கு நாழிகை அளந்தவள், இந்தச் சுமை யார் தோளில் விழும் என்று ஒருமுறையும் எண்ணவில்லையே!

"ஏன் யாருமே சொல்லல? உங்க அண்ணன்..."

"எங்க வீட்ல யார்கிட்டயும் புல்லுக்குக் கை நீட்ட மாட்டோம். நானும் நீட்டப் போறதில்ல."

"நீங்க நீட்ட வேண்டாம். தப்பு என்னோடது. நான் சொல்றேன்."

"உங்க மூணு வருஷ வேலை கெட்டுப்போனா?"

"உங்க குட்டிங்க செத்து நிக்கிற வேலை எனக்கு எதுக்கு?"

அவன் அவளையே பார்த்தான். தன் வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டே, அதைத் திருப்பித் தர மலையேறி வந்த பெண்... இப்படியும் ஒருத்தியா! அவளும் அவனைத்தான் எண்ணிக்கொண்டு திரும்பினாள். வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காக மந்தையையே பணயம் வைக்கத் துணிந்தவன்... இப்படியும் ஒருவனா!

ஏப்ரல் இருபத்திரண்டாம் நாள் மறுபடியும் எல்லாரும் கூடினர். முதலில் எழுந்து நின்றவள் பெரிஸாத்.

"நான் எழுதின உடன்படிக்கையில ஒரு பிழை இருக்கு. எட்டு வீட்டுக்கு இதுல நட்டம் ஒண்ணும் இல்ல. ஒரு வீட்டுக்கு எல்லாமே நட்டம். மூணு வருஷமா அதைப் பார்க்காதது என் குத்தம். உங்க வேலிக்குள்ள, ஜூன் இருபதுவரைக்கும், ஒன்பதாவது வீட்டு ஆடுகளுக்கு இடம் குடுக்க முடியுமா? முடியாதுன்னா இந்தத் தாளை நானே கிழிச்சிடறேன்."

புல்தரை என்றால் அடுத்த குளிர்காலத்துக்கான உலர்புல் தீவனம். எர்மெக் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. ஷர்ஷென் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். மருமகளுக்காக ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை.

கடைசியில் தொகோன் தொண்டையைச் செருமினார். "நூத்து முப்பத்தாறை எட்டால வகுத்தா எவ்வளவும்மா?"

"பதினேழு, பைக்கே."

"பதினேழு ஆடுதானே? என் சம்சாரத்தோட சொந்தக்காரங்க அதைவிட நிறையப் பேரு வந்து அதைவிட அதிகமாத் தின்னுட்டுப் போறாங்க! என் வேலியைத் தொறந்து விடறேன்."

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்போடு இரண்டாவது வீடும் ஒப்பியது, மூன்றாவதும் ஒப்பியது... எட்டாவது வீட்டார் நெடுநேரம் யோசித்து, பத்தே ஆடுகள்தான் என்று பேரம் பேசி, மனைவி பார்த்த பார்வையில் பதினேழுக்கு வந்தனர்.

ஷர்ஷென் மறுபடியும் கைகளை விரித்தார். "இந்தத் தடவை எல்லாரும் காதால கேட்டுட்டுக் கையைத் தூக்குங்க!"

எர்மெக் ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். அவன் சொன்ன ஓமின்தான் எல்லாவற்றிலும் பெரிதாக ஒலித்தது.

மழை விட்டிருந்தது. ஆற்றங்கரையில் பனியுருகிய நீர் சலசலத்தது. குதிரைகளைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தனர்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அவள். "அன்னைக்கு மாமா அவ்வளவு தெளிவாச் சொன்னார். உங்க கவனம் எங்க இருந்துச்சு?"

அவன் நின்றான்.

"உங்க இமையில ஒரு மழைத்துளி நின்னுச்சு... அது எப்ப விழும்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"விழுந்துச்சா?"

"தெரியல. அதுக்குள்ள எல்லாரும் ஓமின் சொல்லிட்டாங்க." பிறகு, "பெரிஸாத்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முகட்டுல நீங்க என்னைத் திட்டின அப்பவே பிடிச்சிடுச்சு. இதைக் கவனமாத்தான் சொல்றேன்," என்றான்.

அவள் நீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குச் சாயங்காலம் உங்க பேரை அடிச்சேன்னு சொன்னேன் இல்லையா... அடிக்கிறதுக்கு முன்னாடி, நாலு தடவை எழுதிப் பார்த்தேன்."

ஏப்ரல் இருபத்துநான்காம் நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, மூன்று தரப்பாரும் கையொப்பமிட்டனர். குமுஷ்-புலாக் பள்ளத்தாக்கு ஜூன் இருபதுவரை மூடப்படும் என்றும், ஒன்பதாவது வீட்டு ஆடுகள் வீட்டுக்குப் பதினேழாக எட்டு வேலிகளுக்குள் மேயும் என்றும், பாலமும் பட்டிகளும் இலையுதிர் காலத்துக்குள் முடிக்கப்படும் என்றும் முடிவாயிற்று. அதே நாளில் ஷர்ஷென் வீட்டில் வேறொன்றும் முடிவாயிற்று: ஜூலை முதல் வாரத்தில் எர்மெக்கின் அக்காள் நாரின் நகரிலிருந்து வந்து, திருமண நிச்சயத்துக்கு அடையாளமாகப் பெரிஸாதுக்குக் காதணி பூட்டுவாள். உடன்படிக்கையின் இறுதியில் ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்பட்டது. காட்டாடுகள் ஈனி முடியும்வரை, கணக்கெடுப்பவரைத் தவிர வேறெவரும், எந்தக் காரணத்துக்காகவும், எவரைப் பார்ப்பதற்காகவும் ஊற்றுப் பக்கம் போகக்கூடாது. அந்த வரியை எழுதியவள் பெரிஸாத். பெருமூச்சு விட்டுக்கொண்டே அதன்கீழ் முதலில் கையொப்பமிட்டவன் எர்மெக்.