கருங்குன்றத்து நரிவெங்காயம்

கருங்குன்றக் கோட்டை முற்றுகையிடப்பட்டு நாற்பத்தொரு நாளும் ஒன்பது நாழிகையும் ஆகியிருந்தன. மேற்குச் சரிவில் இறங்கிய சூரியன், கீழே பகைவர் பாசறையிலிருந்து எழுந்த அடுப்புப் புகையைச் செந்நிறமாக்கிக் கொண்டிருந்தான். வேலையும் வாளையும் தாங்கிவிட்ட அந்தக் கோட்டையால், வாசகர்களே, சோற்று மணத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அரிசி தீர்ந்து மூன்று நாள் ஆயிற்று. உதவிப்படை வர இன்னும் இரண்டு நாள். பகைவர் விடியலில் தாக்கினால் வாளைத் தூக்கக்கூட இருநூறு வீரர்களுக்கும் வலிமையில்லை.

கோட்டைத் தலைவரின் மகள் கொற்றி மடைப்பள்ளியில் கிழங்குக் கஞ்சியைக் கிளறிக் கொண்டிருந்தாள். கிழங்குகளைக் கொண்டுவந்த காடன் அருகில் நின்றான். மலைக்குடியைச் சேர்ந்தவன் என்று சொல்லிப் பத்து நாளுக்கு முன் வந்தவன். நாள்தோறும் கயிற்றில் மதிலிறங்கிச் சரிவில் தோண்டி வருபவன். அவன் திரும்பும் வரை அவளுக்கு எந்த வேலையும் ஓடாது.

“இன்றாவது உப்பைக் குறைத்தீர்களா, தேவி? நேற்றுக் கடல்நீரையே காய்ச்சியிருந்தீர்கள்.”

“உப்பு ஒன்றுதான் மிச்சம். குறை சொல்லாமல் உண்ணும்.”

கொண்டுவந்தவரே முதல் வாய் உண்ண வேண்டும் என்பது முற்றுகைக் காலத்து வழக்கம். காடன் தயங்காமல் கலத்தை உயர்த்தினான். அப்போதுதான் கிழங்குச் சாறு பட்ட தன் மணிக்கட்டு அரிப்பதைக் கொற்றி உணர்ந்தாள்.

“தோண்டும்போது இலை இருந்ததா?”

“இலையே இல்லை. பூந்தண்டு மட்டும் நின்றது. கிழங்கு வெங்காயம் போலவே...”

அவள் கலத்தைத் தட்டிவிட்டாள்.

“நரிவெங்காயம். எலிக்கு வைக்கும் நஞ்சு. மலையில் பிறந்த குழந்தைகூட இதைத் தோண்டாது.”

சிந்திய கஞ்சியைக் காடன் பார்த்தான். பிறகு பானையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

“தெரிந்திருந்தால் நீர் வாயருகே கொண்டுபோயிருக்க மாட்டீர்,” என்றாள் கொற்றி. “ஆகவே கொல்ல வந்தவர் அல்லர். மலைக்குடியும் அல்லர். உண்மையைச் சொல்லும். பொய்யைப் பிரித்தெடுக்க எனக்குத் தெம்பில்லை.”

அவன் அடுப்பருகே தரையில் உட்கார்ந்தான்.

“காவலர்களை எண்ணிவர அனுப்பினார்கள். எண்ணி முடித்து எட்டு நாளாகிறது. திரும்பிப் போக மனம் வரவில்லை.”

கொற்றி பானையை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

“இருநூறு பேருக்கும் இனி என்ன கொடுப்பேன்?”

“அவர்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். விடியலில் என்னைக் கட்டி மதில்மேல் நிறுத்துங்கள். கீழிருந்து ஓர் அம்புகூட வராது.”

“ஓர் ஒற்றனுக்காகவா படையை நிறுத்துவார்கள்?”

“ஒற்றனுக்காக நிறுத்தமாட்டார்கள்,” என்றான் அவன். “அந்தப் படையை நடத்தி வந்திருப்பவர் என் உடன்பிறந்த அண்ணன்.”